சண்முகதாசனும் கண்டிச் சீமையும்



சீனப் பொதுவுடைமைத் தலைவர் ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மாவோவைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் நம் இலங்கையின் பீகிங் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியின் நாகலிங்கம் சண்முகதாசனை எடுத்துக்கொள்கிறேன். தோழர்களுக்கு அவர் 'சண்'.

யாழ்ப்பாணத்தில் 1920இல் பிறந்தவர். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தவர். அந்தப் படிப்புக்குச் சிவில் சேவை கனவு சகஜம்; அவரோ 1943இல் முழுநேரக் கட்சி ஊழியரானார், தொழிற்சங்க சம்மேளனத்தைக் கட்டி வளர்த்தார். மாஸ்கோவும் பீகிங்கும் முறைத்துக்கொண்டபோது, 1964இல் தனிக் கட்சி கண்டார். நாடாளுமன்றப் பாதையால் சோஷலிசம் வராது என்பது அவர் வாதம்.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். அதே 1964இன் ஒக்டோபரில்தான், தோட்டங்களின் இந்திய வம்சாவளித் தமிழரைப் பற்றி இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று தலைகளைப் பங்கிட்டார்கள். அவர்களுடைய பிரஜாவுரிமை 1948இலேயே பறிபோயிருந்தது. வாக்கும் அதைத் தொடர்ந்து போயிற்று. வாக்குச்சீட்டை நம்பாதே என்று தோட்டத்துச் சனத்திடம் சொல்லிக்கொடுக்க என்ன இருந்தது? அவர்களிடம் சீட்டே இல்லையே! சண்முகதாசன் தரப்புத் தொழிற்சங்கமான செங்கொடிச் சங்கத்துக்குத் தோட்டங்களில் ஆள் சேர்ந்ததற்கு மாவோ சிந்தனையைவிட இது பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

கலஹாப் பக்கத்துத் தோட்ட லயத்தில் என் மாமா ஒரு ரேடியோப் பெட்டி வைத்திருந்தார். ஏரியல் கம்பி வாசல் சவுக்கு மரத்தில் ஏறி நிற்கும். பீகிங் வானொலி 1963 ஆகஸ்டில் தமிழில் பேசத் தொடங்கியிருந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவர்கள் இஸ்தோப்பில் குந்தி, சீனத்து நெல் விளைச்சலைக் கேட்பார்கள். கிராமங்கள் நகரங்களைச் சுற்றி வளைக்கும் என்ற மாவோவின் பாடத்தைக் கேட்டு ஒரு கிழவி, "நமக்கு எந்தக் கிராமம்டா இருக்கு?" என்றாள். மாவோவின் விவசாயிக்கு ஒரு துண்டு வயலாவது கனவில் உண்டு. லயத்தானின் வீட்டுக்கூரைகூடத் தோட்டத் துரையுடையது. கீழே கண்டிய விவசாயி, மேலே தோட்டத் தொழிலாளி. இருவரையும் இணைக்கும் பாலத்தைச் சண்முகதாசனாலும் போட முடியவில்லை.

அவர் கட்சியிலிருந்து 1966இல் விலக்கப்பட்ட ரோகண விஜேவீரவோ, தன் வகுப்புகளில் இந்தத் தொழிலாளரையே இந்திய விஸ்தரிப்புவாதத்தின் கருவியாக்கினார். விஜேவீரவின் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) 1971இல் நடத்திய கிளர்ச்சிக்குச் சண்முகதாசன் எதிரி. ஆனாலும் அவரையும் பிடித்து அடைத்தார்கள். விடுவாரா? சிறையிலிருந்தபடியே இலங்கை வரலாற்றை மார்க்சியக் கண்ணால் எழுதினார்.

மாவோ 1976இல் மறைந்தபின் வந்த சீனத் தலைமையை அவர் ஏற்கவில்லை. பீகிங்கையே பகைத்துக்கொண்டு மாவோவைப் பிடித்து நின்ற மனிதர். தன் நினைவுக் குறிப்புக்கு 'மனம் வருந்தாத கம்யூனிஸ்ட்' என்ற பொருள்படத் தலைப்பு வைத்தார். 1993இல் இங்கிலாந்தில் காலமானார்.

மாமாவின் பெட்டி அதற்கும் முன்பே பழுதாகிவிட்டது. கம்பி மட்டும் சவுக்கு மரத்தில் வெகுகாலம் கிடந்தது. மாமி அதில் துணி காயப்போடுவாள்.