சட்டம் இருக்கு... சாவி எங்கே?



குழந்தைகளைக் காக்கப் பெரிதும் தேவை கடுமையான சட்டமா, மக்களின் விழிப்பா? இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணி நண்பர், "சட்டத்தைக் கடுமையாக்கு, எல்லாம் சரியாகும்" என்றார். ஐயா, சட்டமா இல்லை? குழந்தை உரிமைகளுக்காக ஐக்கிய நாடுகள் சபை 1989ல் உடன்படிக்கை கொண்டுவந்தது. 1992ல் இந்தியா ஏற்றுக்கொண்டது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி, 2009ல் சட்டம். பாலியல் கொடுமையிலிருந்து காக்க 2012ல் போக்சோ சட்டம். அலமாரி நிறையச் சட்டம் இருக்கு. சாவி எங்கேன்னுதான் நமக்குத் தெரியல! (கைதட்டல்)

என் கதையையே சொல்றேன். எங்க தெருமுனை டீக்கடையில ஒரு பையன் கிளாஸ் கழுவுவான். பத்து வயசு இருக்கும். தண்ணியிலேயே ஊறி விரலெல்லாம் புண்ணு. தினமும் ஒரு பன் வாங்கிக் கொடுத்து, "பாவம்டா தம்பி"ன்னு சொல்லிட்டு வருவேன். பெரிய புண்ணியம் பண்ணிட்டதா நினைப்பு! ஒரு நாள் பையனைக் காணோம். "வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க சார்"ன்னார் கடைக்காரர். எந்த ஊருன்னு யாருக்கும் தெரியல. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

14 வயது நிரம்பாத பிள்ளையை எந்தக் கடையிலும் வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று 2016லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். மீறும் முதலாளிக்குச் சிறையோ அபராதமோ உண்டு. அது எனக்குத் தெரியாது. யாரிடம் சொல்வது என்றும் தெரியாது.

அப்புறம்தான் விசாரிச்சேன். 1098ன்னு ஒரு நம்பர். 1996ல் மும்பையில், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் முயற்சியாகத் தொடங்கியது. இன்று அரசே நடத்துகிறது. காசு கிடையாது, இரவு பகல் கிடையாது. குழந்தையே கூப்பிடலாம், பக்கத்து வீட்டுக்காரரும் கூப்பிடலாம். மாவட்டத்துக்கு மாவட்டம் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. ஆதரவு தேவைப்படும் பிள்ளைக்கு எது நல்லது என்று முடிவெடுக்கக் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது.

தாய்மார்களே! "போலீசுக்குப் போனா மானம் போயிடுமே"ன்னு பயப்படறோம். போக்சோ சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் அதிகாரி காக்கி உடையில் இருக்கக் கூடாது. குழந்தையின் பெயரைப் பத்திரிகை வெளியிடக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. ஆனால் விஷயம் தெரிந்தும் புகார் செய்யாமல் மறைத்தால், அது குற்றம்!

நம்ம வீட்டுல கேஸ்காரர் நம்பர் தெரியும், கேபிள்காரர் நம்பர் தெரியும், ஜோசியர் நம்பர் மனப்பாடம்! (சிரிப்பு) இந்த நம்பர் தெரியாது. இன்னிக்கே பால் கணக்கு எழுதற காலண்டர்ல எழுதி வையுங்க. பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுங்க: பத்து, ஒன்பது, எட்டு. ராக்கெட் விடற மாதிரி எண்ணினா மறக்காது.

நடுவர் அவர்களே! சட்டம் தானாக நடந்து டீக்கடைக்கு வராது. நாம்தான் கூப்பிடணும். அன்னிக்கு ஒரு பன் கொடுத்த கை, ஒரு போன் பண்ணியிருந்தா அந்தப் பையன் இன்னிக்கு எங்கே இருப்பான்? இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. உங்களுக்கு இந்த நிலைமை வர வேண்டாம். தேவை விழிப்பே! (பலத்த கைதட்டல்)