படகு கட்டப் பழக எங்கே போவது?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். செயலாளர் தலைப்புக் கேட்டபோது, "படகு கட்டவும் கடல் எஞ்சின் திருத்தவும் பழகுவதற்கு நல்ல இடத்தைத் தேடுவது எப்படி" என்றேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இதே மண்டபத்தில் நான் ஒரு பிள்ளைக்குச் சொன்ன பிழையான பதில்தான் இந்தத் தலைப்புக்குக் காரணம்.

ஆறு வருடங்களுக்கு முன் இங்கே தொழில் வழிகாட்டல் நாள் நடந்தது. நானும் ஒரு பேச்சாளர். பேசி முடித்ததும் கரையோரக் கிராமத்துப் பிள்ளை ஒருத்தி எழும்பி, "டொக்டர், வள்ளம் கட்டப் பழகிறதுக்கு எங்க சேரலாம்?" என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே, "அது ஆம்பிளையளின்ர வேலை, பிள்ளை. நீங்கள் நேர்சிங்குக்கு அப்ளை பண்ணுங்கோ" என்றேன். மண்டபம் சிரித்தது. அவள் இருந்துவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து வெளிநோயாளர் பிரிவுக்குத் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தம்பி ஒரு பட்டறையில் பைபர் படகு வேலை பழகிக்கொண்டிருந்தான். ரெசினை இறுகச் செய்யும் ஹார்டனரை ஊற்றும்போது கண்ணில் தெறித்துவிட்டது. அது சாதாரண திரவம் அல்ல. மெதைல் எதைல் கீட்டோன் பெரொக்சைட் என்ற அந்தப் பொருள் கண்ணின் கருவிழியைச் சுட்டு, பார்வையையே பறிக்கக்கூடியது. நல்லகாலம், பட்டறை வீட்டுக்குப் பக்கத்தில். அவள் ஓடிப்போய் அவனைக் குழாயடியில் பிடித்துவைத்து, கால் மணித்தியாலத்துக்கு மேல் கண்ணைக் கழுவியிருக்கிறாள். பார்வை தப்பியதற்கு அதுதான் காரணம். "யார் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன். "கான்ல எழுதியிருந்தது, டொக்டர். அங்க ஒருத்தரும் அதை வாசிக்கேல்லை" என்றாள்.

தம்பி அங்கே பதினொரு மாதம் நின்றிருக்கிறான். ஒப்பந்தம் இல்லை. பாதுகாப்புக் கண்ணாடி இல்லை. அத்தனை நாளும் அவன் செய்தது உரஞ்சுவதும் வாளி கழுவுவதும்தான். அவனுக்கு அது தொழில் பழகும் இடம். பட்டறைக்காரருக்கு அவன் மலிவான கூலி. அன்று அவள் என்னைக் குறை சொல்லவில்லை. பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டாள். இந்த முறை நான் சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் தேடுவம்" என்றேன்.

தேடத் தொடங்கியபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வல்வெட்டித்துறை ஓடாவிமார் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. காரைநகரில் நோர்வே நாட்டவரின் உதவியோடு உருவான சீநோர் பட்டறையில் இருந்து இறங்கிய படகுகளை எங்கள் அப்பாமார் அறிவார்கள். இந்த மண்ணில் தொழில் இருந்தது. ஆனால் ஏரா வைப்பதும் வங்கு பொருத்துவதும் கலப்பத்து அடிப்பதும் தகப்பனிடமிருந்து மகனுக்குத்தான் போயின. வெளியில் பிறந்தவனுக்கு அந்தக் கதவு திறப்பது அரிது. பெண்பிள்ளைக்கு அது கதவே அல்ல, சுவர். ஒப்பந்தமும் சான்றிதழும் உள்ள பயிற்சி ஏன் தேவை என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான்: ஓடாவி வீட்டில் பிறக்காத பிள்ளைக்கும் அது வாசல் திறக்கும்.

எங்கே தேடுவது? முதலில் போகவேண்டிய இடம் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை. நாங்கள் 'நைட்டா' என்று சொல்வது. பயிலுநரைத் தொழிலிடத்தில் ஒப்பந்தத்தோடு சேர்ப்பது அவர்களின் வேலை. அடுத்தது இலங்கை சமுத்திரப் பல்கலைக்கழகம். 2014ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. யாழ்ப்பாணத்திலும் அதற்குப் பிராந்திய நிலையம் உண்டு. பட்டப்படிப்பு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், தொழிற் தகைமைக் கற்கைநெறிகளும் அங்கே இருக்கின்றன. கப்பல் கட்டுவதும் திருத்துவதுமான பெரிய வேலைக்கு ஆசைப்படுபவர்கள் கொழும்பு டொக்யார்ட் போன்ற நிறுவனங்களில் பயிலுநருக்கு எப்போது விண்ணப்பம் கோருகிறார்கள் என்று கவனியுங்கள்.

இடம் கிடைத்துவிட்டால் போதாது, அதை எடைபோட வேண்டும். வைத்திய மாணவர் பட்டம் பெற்றபின் ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி செய்கிறோம். ஆறு மாதம் ஒரு பிரிவு, ஆறு மாதம் இன்னொரு பிரிவு. யாரின் கீழ், என்ன பழக, முடிவில் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் முன்னரே எழுத்தில் இருக்கும். எனக்குக் கிடைத்த அந்த ஒழுங்கைப் படகு கட்டப் போகும் பிள்ளைக்கும் கேட்பதில் என்ன பிழை? நாங்கள் இருவரும் ஒரு கொப்பியில் ஐந்து கேள்விகளை எழுதினோம்.

முதலாவது, என்ன பழக்குவார்கள்? பைபர் படகு என்றால் அச்சுக்கு மெழுகு பூசுவதில் தொடங்கி, ஜெல்கோட் அடித்து, நாரைப் பரப்பி, ரெசின் ஊற்றி, காற்றுக் குமிழ் போக உருட்டி, காய்ந்தபின் கழற்றி விளிம்பு வெட்டும் வரை எல்லாப் படிகளும் கைக்கு வரவேண்டும். எஞ்சின் என்றால், எத்தனை எஞ்சின், எத்தனை பயிலுநர் என்று எண்ணுங்கள். தானே ஒரு எஞ்சினை முழுதாகக் கழற்றிப் பூட்டி, ஓடவிட்டுப் பார்க்காத பிள்ளை அந்தத் தொழிலைப் படித்ததாகாது.

இரண்டாவது, யார் பழக்குவார்? பெயர் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கவேண்டும். எந்த மொழியில் பழக்குவார் என்றும் கேளுங்கள். புரியாத மொழியில் வரும் எச்சரிக்கை ஆபத்துக்கு உதவாது.

மூன்றாவது, முடிவில் என்ன பத்திரம்? தேசிய தொழிற் தகைமையில், அதாவது என்.வி.கியூ.வில், ஏழு மட்டங்கள் உண்டு. நான்காம் மட்டம் என்றால் முழுமையான தொழிலாளி. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். ஆகவே பாதை நான்கோடு முடிவதில்லை. ஒன்றைக் கவனியுங்கள். நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டிருப்பது வேறு, நீங்கள் சேரும் கற்கைநெறிக்குத் தராதர அங்கீகாரம் இருப்பது வேறு. சுவரில் ஒரு சான்றிதழ் தொங்குகிறது என்று திருப்திப்படாமல் இரண்டையும் கேளுங்கள்.

நான்காவது, உடம்புக்கு என்ன பாதுகாப்பு? இதில் நான் வைத்தியராகச் சொல்கிறேன். ரெசினில் இருந்து வரும் ஸ்டைரீன் ஆவி தலையிடியையும் மயக்கத்தையும் தரும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. ஆவியை உறிஞ்சும் வடிகட்டி பூட்டிய கவசம் வேண்டும். உரஞ்சும் தூசிக்கும் வடிகட்டி வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும், கழுவ ஓடும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கவேண்டும். வேலை முடிந்து கையைத் தின்னரால் கழுவுகிறார்களா என்று பாருங்கள். அப்படியென்றால் அங்கே கையுறை இல்லை, சில மாதங்களில் தோல் வெடிக்கும். பெண்பிள்ளை என்றால் கழிப்பறை, உடை மாற்றும் இடம், இருட்டியபின் வீடு திரும்பும் வழி, தொந்தரவு வந்தால் யாரிடம் முறையிடுவது என்ற நான்கையும் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுழித்தால் அதுவே பதில்.

ஐந்தாவது, போனமுறை பழகியவர்கள் இப்போது எங்கே? இரண்டு பேரின் பெயரைக் கேட்டு அவர்களோடு பேசுங்கள். ஒருவரின் பெயரையும் சொல்ல முடியாத இடத்தில் சேரவேண்டாம்.

இந்தக் கேள்விகளைத் தொலைபேசியில் மட்டும் கேட்காதீர்கள். வேலை நடக்கும் நேரத்தில் போய் ஒரு மணித்தியாலம் நில்லுங்கள். நாங்கள் போன முதலாவது இடத்தில் எங்களை அன்பாக வரவேற்று சோடா தந்தார்கள். பயிலுநர் நான்கு பேரும் அந்த ஒரு மணித்தியாலம் முழுக்க உரஞ்சிக்கொண்டே நின்றார்கள். வெளியே வந்ததும் அவள், "டொக்டர், தம்பி நிண்ட இடம் மாதிரியே கிடக்கு" என்றாள். நான் இரக்கப்பட்டு, கிடைத்ததில் சேரலாமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று முடிவெடுத்தவள் அவள்தான். நான்கு மாதம் காத்திருந்து இரண்டாவது இடத்தில் சேர்ந்தாள்.

நோர்வேயில் வாழும் என் வகுப்புத் தோழியிடம் இதைச் சொன்னபோது, அங்கே தொழில் பழகும் பிள்ளை பொதுவாக இரண்டு வருடம் பாடசாலையிலும் இரண்டு வருடம் ஒப்பந்தத்தோடு தொழிலிடத்திலும் படித்து, முடிவில் தொழிற் பரீட்சை எழுதும் என்றாள். "இங்க அதை ஒருத்தரும் குறைஞ்ச படிப்பு எண்டு சொல்லமாட்டினம்" என்றாள். குறைந்த படிப்பு என்று சொன்னது நாங்கள்தான், இந்த மண்டபத்தில் இருந்து.

ஆகவே சங்கத்திடம் மூன்று வேண்டுகோள். நூலகத்தில் ஒரு கொப்பி வையுங்கள். யார் எந்தப் பயிற்சி இடத்துக்குப் போனாலும், போன திகதியும் ஐந்து கேள்விக்கான பதிலும் அதில் எழுதப்படட்டும். வெளிநாட்டில் பொறியியல் துறையில் இருக்கும் சகோதரிகள் மாதம் ஒரு மணித்தியாலம் ஒரு பிள்ளையோடு பேசுங்கள். மூன்றாவது, பயிலுநர் கொடுப்பனவு சிறியது. முதல் சில மாதங்களுக்கு பஸ் காசும், ஒரு சோடி சப்பாத்தும், நல்ல கண்ணாடியும் வாங்கிக் கொடுக்க ஒரு சிறு நிதி போதும்.

அந்தப் பிள்ளை பெயர் சொல்லவேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். எஞ்சின் திருத்துவதில் மூன்றாம் மட்டம் முடித்துவிட்டாள், நான்காம் மட்ட மதிப்பீட்டுக்குக் காத்திருக்கிறாள். தம்பிக்கு ஒரு கண்ணில் கொஞ்சம் மங்கல் இருக்கிறது. அவன் இப்போது வேறிடத்தில் கண்ணாடி போட்டு வேலை செய்கிறான். ஏற்கெனவே கைக்கு வந்த வேலையை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் முறையும் என்.வி.கியூ.வில் உண்டு. அதற்கு விண்ணப்பிக்க அக்காதான் படிவம் நிரப்பிக் கொடுத்தாள்.

பின்வரிசைத் தங்கைமாரே, இன்று உங்களில் ஒருத்தி எழும்பி அதே கேள்வியைக் கேட்டால் என் பதில் இது: "நல்ல கேள்வி, பிள்ளை. சனிக்கிழமை நேரம் இருக்கோ? ரெண்டு பேரும் போய்ப் பார்த்திட்டு வருவம்."