இரும்பு நாற்காலியும் காரீயத் தூசியும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் கல்வியின் மேன்மையைப் பேசுவதுதான் வழக்கம். நானோ பழைய பெயிண்ட் சுரண்டுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். வரும் விடுமுறையில் இந்தத் திடலிலுள்ள இரும்பு பெஞ்சுகளையும் ஊஞ்சலையும் கோத்தோங் ரோயோங் போட்டுப் புதுப்பிக்கப் போவதாகச் சங்கத்தார் சொன்னார்கள். கேட்டதும் எனக்குப் பகீர் என்றது. காரணம், அதே வேலையை எங்கள் தோட்டப் பள்ளியில் நான் செய்து, தப்பாகச் செய்தேன்.

பழைய துரை பங்களாப் புல்வெளியில் கிடந்த ஆறு இரும்பு நாற்காலிகளும் ஒரு வட்ட மேசையும் எங்கள் பள்ளிக்கு வந்தன. நல்ல கனமான இரும்பு. ஆனால் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, துரு பிடித்துப் போயிருந்தது. நானும் பயிற்சி பெற்ற ஆசிரியன் என்ற தெம்பில், ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் கையில் ஆளுக்கொரு மணல் தாளைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பச்சையும் சிவப்புமாகத் தூசி பறந்தது. அந்தக் கையோடேயே ரொட்டியும் தின்றார்கள்.

அன்று என் பெரியப்பா பார்க்க வந்திருந்தார். இந்தச் செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் பெயிண்ட் வேலை பார்த்தவர். பட்டறையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1945-இல் இரண்டு முறை குண்டு விழுந்தும் மறுபடி எழுந்து நின்ற பட்டறை. அந்த வேலையெல்லாம் இன்று பத்து காஜாவுக்குப் போய்விட்டது. பெரியப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“டேய் தம்பி, முதல்ல பிள்ளைங்கள எழுப்பிக் கை, மூஞ்செல்லாம் கழுவச் சொல்லு. நாற்காலி எங்கயும் ஓடிப் போயிடாது!”

பிறகு ஒரு செதிலை எடுத்து அதன் ஓரத்தைக் காட்டினார். மேலே பச்சை, நடுவில் வெள்ளை, அடியில் ஆரஞ்சு கலந்த சிவப்பு. “இதான் ரெட் லெட். அந்தக் காலத்துல துரு பிடிக்காம இருக்க இரும்புக்கு மொதப் பூச்சே இதுதான்” என்றார்.

லெட் என்றால் ஈயம். ஆனால் நம் நாட்டில் ஈயம் என்றாலே ஈயச் சுரங்கம்தான் ஞாபகம் வரும். கோலாலம்பூரை வளர்த்த ஈயம் வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் அதுதான். நான் சொல்வது காரீயம். இது வேறு சமாச்சாரம்.

காரீயம் உடம்புக்குள் போனால், சுண்ணாம்புச் சத்தைப் போல் வேடம் போட்டு எலும்பிலும் பல்லிலும் குடியேறிவிடும். ஒரே அளவு வாய்க்குள் போனாலும் பெரியவர்களை விடப் பிள்ளைகள் உடம்பு நான்கைந்து மடங்கு அதிகமாக இழுத்துக்கொள்ளும். இந்த அளவு பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காய்ச்சல் வராது, வலிக்காது. மூளை வளர்ச்சி மெதுவாகக் குன்றும். வாத்தியார் என்ன சொல்வார்? “இவனுக்குப் பாடம் ஏறாது” என்பார். அந்த வாத்தியாராக நானே இருந்திருப்பேன். அதுதான் என்னைச் சுட்டது. கர்ப்பிணித் தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் இது போகும்.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. 1921-இலேயே ஜெனீவாவில் அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு கூடி, வெள்ளைக் காரீயம் சேர்ந்த பெயிண்ட் வேலையில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களையும் பெண்களையும் வைக்கக்கூடாது என்று உடன்படிக்கை செய்தது. அமெரிக்கா 1978-இல் வீட்டுப் பெயிண்டில் காரீயத்தைத் தடுத்தது. இந்தியாவில் 2017 நவம்பர் முதல் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. ஆனால் விதி வருமுன் பூசிய பூச்சு இரும்பின் மேல் அப்படியேதான் இருக்கிறது.

அன்று மாலை பன்னிரண்டு வீட்டுக்கும் நடந்தேன். நடந்ததைச் சொன்னேன். ஒரு தாய் கேட்டார்: “சார், படிச்ச உங்களுக்கே தெரியலன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?” பதில் சொல்ல வாய் வரவில்லை. இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி, சிலரைக் கிளினிக்குக்கு நானே அழைத்துப் போனேன். நல்லவேளை, குறை ஒன்றும் தெரியவில்லை.

சரி, வேலையை எப்படித்தான் செய்வது? பெரியப்பா காட்டிய வழியைச் சொல்கிறேன். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. கீழே பிளாஸ்டிக் விரிப்பு. மூக்குக்குத் துணி போதாது, என்-95 முகக்கவசம் வேண்டும். எல்லாப் பெயிண்டையும் உரித்தாக வேண்டும் என்பதே தப்பு! கெட்டியாக ஒட்டியிருப்பதை விட்டுவிட்டு, உரிகிற இடத்தையும் துரு பிடித்த இடத்தையும் மட்டும் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்ட வேண்டும். காய்ந்தபடி தேய்ப்பது, மின் இயந்திரம் வைத்து அரைப்பது, நெருப்பு காட்டி உரிப்பது மூன்றும் ஆகாது. நெருப்பு பட்டால் காரீயம் புகையாகி நேரே நெஞ்சுக்குள் போகும்.

துரு, தான் தின்ற இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் மேலே பூசியதைத் தூக்கித் தள்ளுகிறது. தண்ணீர் நிற்கிற மூட்டுகளையும் கால் அடிகளையும் திருப்பிப் பாருங்கள். திருப்புளியால் குத்தினால் உள்ளே போகிறதா? அப்படியானால் பெயிண்ட் அடித்துப் பயனில்லை, வெல்டிங் வைக்க வேண்டும்.

காஸ்டிக் சோடாவும் பெயிண்டை உரிக்கும். ஆனால் கண்ணில் பட்டால் கண் போய்விடும். அலுமினியத்தையோ அரித்தே விடும். எங்களுக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

சுத்தம் செய்த இரும்பை ராத்திரி வைக்காதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு விடிவதற்குள் மறுபடி சிவந்துவிடும். காலையில் தொடங்கி, நன்றாக உலர்த்தி, சாயங்கால மழைக்கு முன் முதல் பூச்சு ஏற வேண்டும். ரெட் லெட்டுக்குப் பதிலாக ஜிங்க் பாஸ்பேட் பூச்சு இருக்கிறது. வாங்கும்போது காரீயம் இல்லாததுதானா என்று டின்னைப் படித்துப் பாருங்கள், கடைக்காரரையும் கேளுங்கள்.

சுரண்டிய செதிலை எரிக்கவோ, கால்வாயில் கொட்டவோ, கீரைப் பாத்தி பக்கம் போடவோ கூடாது. கோழி கொத்தும். ஈரமாகவே பையில் கட்டி, எங்கே ஒப்படைப்பது என்று நகராண்மையில் கேளுங்கள். வேலை செய்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.

எங்கள் ஆறு நாற்காலியில் ஐந்து தேறின. ஆறாவதின் பின்கால் ஓட்டை. அது இன்னும் ஸ்டோரில் கிடக்கிறது, வெல்டிங்காரர் வரட்டும் என்று. சங்கத்தார் நாள் குறித்தால் சொல்லி அனுப்புங்கள். பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு, விரிப்பும் வாளியுமாக நானும் வருகிறேன்.