தாங்குவாள் என்று தள்ளிவிடாதீர்கள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கடலுக்கு வாரிக்கொடுத்தோம். கடலூர் மாவட்டத்தில் செத்த ஆண்களைப்போல் ஏறக்குறைய 3 மடங்கு பெண்கள் செத்தார்கள் என்று ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் கணக்குச் சொன்னது. ஆண்களில் பலர் கடலுக்குள் இருந்தார்கள். பெண்ணோ மீன் வருமென்று கூடையோடு கரையில் நின்றாள், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். பிழைத்தவளுக்கு நாம் ஒரு பட்டம் கொடுத்தோம்: "நம்ம பொம்பளைங்க எதையும் தாங்குவாங்க!" கைதட்டாதீர்கள் தோழர்களே, அந்தப் பாராட்டை எதிர்த்துத்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் சோறு, கூரை; மனசையெல்லாம் பிறகு பார்க்கலாம் என்பார்கள். நியாயம்போலத்தான் தெரியும். ஆனால் நிவாரணத்தில் முன்னால் நின்றது படகும் வலையும். கடன் வாங்கி மீன் எடுத்து, தலைச்சுமையாக விற்றவளின் தொழில் பின்னால்தான் வந்தது. கடனுக்கு வட்டி மட்டும் நிற்கவில்லை. அவள் தூக்கத்தைக் கெடுத்ததில் அலைக்குப் பாதி, வட்டிக்குப் பாதி! பிழைப்பு வேறு, மனசு வேறு என்று எப்படிப் பிரிப்பீர்கள்? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் மன அழுத்தம் என்றா சொல்வாள்? "நெஞ்சு படபடங்குது, கை கால் குடையுது" என்பாள். வலி மாத்திரையோடு திரும்புவாள். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு, கருக்குழாயை மறுபடி இணைக்க அரசே உதவியது. நல்ல எண்ணம்தான். ஆனால் "இன்னொண்ணு பெத்துக்கோ" என்று உறவு நெருக்கியபோது, போன பிள்ளைக்காக அழ அவளுக்கு யார் அவகாசம் கொடுத்தார்கள்? 2015 சென்னை வெள்ளத்தில் நிவாரண அரிசிப் பையில் தலைவர் பட ஸ்டிக்கர் ஒட்டக்கூட அவகாசம் இருந்தது சிலருக்கு! பேர் சொல்ல மாட்டேன், உங்கள் சிரிப்பே சொல்கிறது.

"மீண்டு வந்த பெண்கள் இல்லையா?" என்று கேட்பார்கள். இருக்கிறார்கள், ஆயிரக்கணக்கில்! அவர்களைச் சுற்றி என்ன இருந்தது என்று பாருங்கள். வாரம் தவறாமல் கூடிய மகளிர் குழு, கணவன் மனைவி இருவர் பேரிலும் வீடு, நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் பயிற்சி பெற்று வீடு தேடி வந்து பேசிய உள்ளூர் ஊழியர். தாங்கும் சக்தி ரத்தத்தில் ஊறி வருவதல்ல. பக்கத்தில் ஆள் இருந்தால் வருவது. கஜா புயலில் தென்னை சாய்ந்த தோப்புகளில் கூலி வேலை பார்த்தவளுக்கும் இதே நியாயம்தான். ஆகவே கேட்போம்: நிவாரண முகாமுக்கு முகாம், அதே ஊரில் பயிற்சி பெற்ற ஒரு பெண், சம்பளத்தோடு, குறைந்தது ஓராண்டு, ரேஷன் கடைச் சுவரில் 14416 என்ற மனநல உதவி எண், நிவாரணப் பட்டியலில் அவள் தொழிலுக்கு அவள் பேரில் தொகை. இனி எந்தத் தலைவர் வந்து நம் பெண்களின் தைரியத்தைப் புகழ்ந்தாலும் நிறுத்திக் கேளுங்கள்: "ஐயா, பட்டியலில் அவள் பேர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"