கடிகாரத்தை அடகு வைத்துக் கட்டிய கல்லூரி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் கல்லூரியின் பெருமை பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். நான் வேறு சில கல்லூரிகளைப் பற்றிப் பேசப்போகிறேன். காரணம் இருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வேலை நிமித்தமாக அமெரிக்காவில், வடக்குக் கரோலினா மாநிலத்தில் மூன்று வருடம் இருந்தேன். எங்கள் குழுவின் மூத்த இன்ஜினீயர் கறுப்பினத்தவர். வேலையில் புலி. கிரீன்ஸ்பரோ நகரில் உள்ள 'ஏ அண்ட் டி' பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1891-ல் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய கல்லூரி அது. ஒருநாள் சாப்பிடும்போது கேட்டுவிட்டேன்: "பெரிய பெரிய யுனிவர்சிட்டி எல்லாம் பக்கத்திலேயே இருக்கே, ஏன் அங்கே போய்ச் சேர்ந்தீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. "நீங்க எந்த காலேஜ்?" என்றார். நான் நம் கல்லூரியின் பெயரை அவசரமாகச் சொல்லி, "உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "என் காலேஜ் பேரை நான் இப்படி முழுங்கிச் சொல்றதில்லை" என்றார். சுருக்கென்றது. அதற்குப் பிறகுதான் அந்தக் கல்லூரிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

அடிமை முறை இருந்த காலத்தில், தெற்கு மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதே குற்றம். வடக்கில் மட்டும் செய்னி (1837), லிங்கன் (1854) என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில கல்விக்கூடங்கள் தோன்றியிருந்தன. 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்தது. விடுதலையான மக்கள் முதலில் கேட்டவற்றுள் ஒன்று பள்ளிக்கூடம். ஃபிஸ்க், ஹோவர்ட், மோர்ஹவுஸ், ஹாம்ப்டன் எல்லாம் அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் வந்தவை. ஹோவர்ட் என்றதும் உங்களுக்கு ஒருவர் நினைவுக்கு வர வேண்டும். 2021-ல் அமெரிக்கத் துணை அதிபரான கமலா ஹாரிஸ் 1986-ல் அங்கே பட்டம் பெற்றவர். அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தைப் பற்றி நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அவர் படித்த கல்லூரியைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கலாம்!

நான் சிவில்காரன். அதனால் எனக்கு மிகவும் பிடித்தது டஸ்கிகி கதைதான். 1881-ல் அலபாமா மாநில அரசு ஆண்டுக்கு 2,000 டாலர் கொடுத்தது. அதுவும் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும். நிலம் கிடையாது, கட்டடம் கிடையாது. புக்கர் டி. வாஷிங்டன் என்ற இளைஞர், அடிமையாகப் பிறந்தவர், ஒழுகும் கொட்டகையில் முப்பது மாணவர்களோடு ஆரம்பித்தார். கட்டடம் வேண்டுமே? மாணவர்களையே வைத்துச் செங்கல் அறுத்தார். மண் மிதிக்க யாருக்கும் பிடிக்கவில்லை, படிக்க வந்த பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். முதல் சூளை வீண். இரண்டாவதும் வீண். மூன்றாவது கிட்டத்தட்ட ஒரு வாரம் எரிந்து, முடியப்போகும் நேரத்தில் சரிந்து விழுந்தது. கையில் காசில்லை. தன் கடிகாரத்தை மாண்ட்கோமரி நகர அடகுக்கடையில் 15 டாலருக்கு வைத்து நாலாவது சூளைக்குத் தீ மூட்டினார். அது வெந்தது. கடிகாரத்தை அவர் மீட்கவே இல்லை. பிற்பாடு அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்களே அங்கே செங்கல் வாங்க வந்தார்கள்.

நாம் வந்தபோது ஹாஸ்டல் கட்டிவைத்திருந்தது. அதிலேயே தண்ணீர் வரவில்லை என்று ஸ்டிரைக் செய்தோம்!

அடுத்தது ஒரு வாத்தியார் கதை. கேத்தரின் ஜான்சன் என்ற பெண். அவருடைய ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாவதோடு பள்ளி முடிந்துவிடும். மேலே படிக்க வைப்பதற்காகக் குடும்பமே ஏறக்குறைய 120 மைல் தள்ளிப் போய்த் தங்கியது. வெஸ்ட் வர்ஜீனியா ஸ்டேட் கல்லூரியில் அவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர் கிளேட்டர். 1933-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய கணித மேதை. கறுப்பர் என்பதால் வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. அந்த மனிதர், பாடத்திட்டத்தில் இருந்த கணிதத்தையெல்லாம் முடித்துவிட்ட இந்தப் பெண்ணுக்காகவே முப்பரிமாண வெளிக்கான பகுமுறை வடிவியல் என்று ஒரு புதுப் பாடத்தை உண்டாக்கினார். வகுப்பில் ஒரே மாணவி. 1937-ல் 18 வயதில் அவர் பட்டம் பெற்றார். 1962-ல் ஜான் கிளென் பூமியைச் சுற்றக் கிளம்பும் முன், கம்ப்யூட்டர் போட்ட கணக்கை அந்த அம்மாவே கையால் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இது உங்களில் பலருக்குத் தெரியும், சினிமாவாகவே வந்துவிட்டது. ஒரே ஒரு பெண்ணுக்காக பீரியட் எடுத்த கிளேட்டரைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன்.

என் நண்பர் என்னை கிரீன்ஸ்பரோவுக்கு அழைத்துப்போனார். 1960 பிப்ரவரி 1-ந் தேதி, ஏ அண்ட் டி முதலாண்டு மாணவர்கள் நாலு பேர், வுல்வொர்த் கடையில் வெள்ளையர் மட்டும் உட்காரலாம் என்றிருந்த சாப்பாட்டு மேடையில் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். காபி வரவில்லை. எழுந்தும் போகவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். அருகிலிருந்த பென்னட் கல்லூரிப் பெண்களும் சேர்ந்தார்கள். ஜூலை 25-ல் அந்தக் கடை பணிந்தது. நாலு பேரும் ஃபர்ஸ்ட் இயர், அதை யோசித்துப் பாருங்கள். அந்த வயதில் நாம் சீனியருக்குப் பயந்து மாடியில் ஒளிந்திருந்தோம்.

"இப்போதுதான் எல்லாக் கதவும் திறந்தாச்சே, தனிக் கல்லூரி எதுக்கு?" என்று அங்கேயும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கல்லூரிகள் எல்லாமே நன்றாக நடக்கின்றன என்றும் நான் சொல்லமாட்டேன். சில மூடிவிட்டன, சில கடனில் தள்ளாடுகின்றன. ஆனால் கையைக் கட்டிப்போட்டுவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்கலாமா? 2023-ல் அமெரிக்க மத்திய அரசே 16 மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 1987 முதல் 2020 வரை, மத்திய அரசின் நிலக்கொடைத் திட்டத்தில் வந்த கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்குச் சேர வேண்டிய 1,200 கோடி டாலருக்கு மேல் கொடுக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று. அந்தக் குறையோடுதான் ஏ அண்ட் டி இன்றைக்கும் கறுப்பின இன்ஜினீயர்களை உருவாக்குவதில் முதல் வரிசையில் நிற்கிறது.

நம் போன்ற சங்கத்துக்காக இன்னொன்று. அட்லாண்டாவில் மோரிஸ் பிரவுன் என்ற கல்லூரி. 2002-ல் அங்கீகாரம் போய்விட்டது. ஆயிரக்கணக்கில் இருந்த மாணவர்கள் சில பத்துப் பேராகச் சுருங்கினார்கள். கட்டடங்கள் கைமாறின. ஆனாலும் பழைய மாணவர்களும் அதை ஆரம்பித்த திருச்சபையும் விடவில்லை. 2022-ல் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. இருபது வருஷம்!

நம் கல்லூரிப் பெயரை நான் ஏன் முழுங்கினேன்? முதல் வேலைக்குப் போன இடத்தில் இன்டர்வியூ செய்தவர், "அது எங்கே இருக்கு?" என்று கேட்டு, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பத்து வருடத்துக்கு மேல் சுமந்திருக்கிறேன். தமிழ் மீடியத்திலிருந்து வந்து முதல் செமஸ்டரில் மூன்று பேப்பர் போன எனக்கு, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் லேப் பூட்டும்வரை கணக்குச் சொல்லிக்கொடுத்த சாரை ஒரு தடவைகூடச் சுமக்கவில்லை. அவர் இதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்து பேசப்போவதும் அவர்தான். அவருடைய நேரத்தை நான் எடுத்துக்கொள்ளக் கூடாது.