தொழிற்கூடமும் தொட்டிலும்



திருப்பூரில் காலை எட்டரை மணிக்குப் பனியன் கம்பெனிகளின் வாயில்களில் பெண்கள் கூட்டமாக நுழைவதைக் கண்டிருப்பீர்கள். வேலை மிகுந்த நாள்களில் ஒன்றரை ஷிப்டு. வேலை முடிய இரவு எட்டரை ஆகிவிடும். அத்தனை நேரமும் இவர்களுடைய குழந்தைகள் எங்கே இருக்கின்றன?

தலைமையாசிரியனாக இருந்த எனக்கு வருகைப் பதிவேடே ஒரு விடை கூறிற்று. ஐந்தாம் வகுப்புச் சிறுமி பல நாள் வருவதில்லை. காரணம் கேட்டால், "தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை" என்பாள் தாய். பாட்டி இருக்கும் வீடு பிழைத்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒற்றை அறையில் குடியிருப்போருக்குப் பாட்டி ஏது? தாய் கூலியை விடவேண்டும். அல்லது மகள் படிப்பை விடவேண்டும்.

இத்தேவை புதிதன்று. ஸ்காட்லாந்தின் நியூ லனார்க்கில் பஞ்சாலை நடத்திய இராபர்ட் ஓவன், 1816-லேயே தொழிலாளரின் சிறு குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார். டில்லியில் மீரா மகாதேவன் அம்மையார் 1969-இல் கட்டட வேலைத்தளத்திலேயே காப்பகம் தொடங்கினார். நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் அவ்வெண் முப்பதாயிற்று. 2017-இல் திருத்தப்பெற்ற மகப்பேறு நலச் சட்டம் ஆண், பெண் என்று பிரிக்காமல் ஐம்பது பணியாளர் என்றது. தந்தைக்கும் குழந்தை உண்டென்பதை ஒப்புக்கொள்ள இத்தனை காலம் ஆயிற்று!

ஆனால் திருப்பூரின் தொழில் ஒரே கூரையின்கீழ் நடப்பதன்று. பின்னுவது ஓரிடம், சாயமேற்றுவது வேறிடம். தையலோ பத்துப் பன்னிரண்டு பேர் அமரும் 'பவர் டேபிள்' கூடங்களிலும் நடைபெறுகிறது. ஊரெங்கும் ஆயிரமாயிரம் தாய்மார் இருந்தும், ஒரு கூடத்தில் ஐம்பது பேர் இல்லை. தலையை எண்ணும் சட்டம் அவர்களைக் கடந்து போய்விடுகிறது.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் ஐம்பது என்றே நிற்கின்றன. எனினும் நிறுவனங்கள் பல கூடிப் பொதுக் காப்பகம் நடத்தலாம் என்று அவை இடந்தருகின்றன. நான் பெரிதாக மதிப்பது இதனையே. சட்டம் கட்டாயப்படுத்தாத சிறு கூடத்தாரும் இவ்வழியைப் பின்பற்றலாம். ஒரு தெருவின் முதலாளிகள் சேர்ந்தால் ஓர் அறையும், பயிற்சி பெற்ற இருவரும், பாலும் எட்டாத செலவல்ல. அவ்விருவரில் ஒருவருக்கு இந்தியோ ஒடியாவோ தெரிந்திருப்பது நலம். பசியைக்கூடச் சொல்ல மொழியில்லாத குழந்தை அழுகையையே மொழியாக்கிக் கொள்ளும்.

பஞ்சுத் தூசியும் இயந்திர ஒலியும் எட்டாத இடமாக அது இருக்கவேண்டும். அதற்காகத் தொலைவில் வைத்தலும் ஆகாது. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கச் சட்டம் உரிமை தருகிறது. ஆனால் எண்ணிக்கைக் கூலிக்குத் தைப்பவள் எழுந்து செல்லும் ஒவ்வொரு நிமிடமும் அவள் கூலியில் குறைகிறது. காப்பகம் இரண்டு தெரு தள்ளியிருந்தால் அவள் நான்கு முறை போகமாட்டாள். ஒரு முறை போவதே அரிது.