நிலத்திற்கும் உடலுக்கும் சட்டம் இட்ட வேலி



கொடுமை நேர்ந்தால் காவல் நிலையமும் சிறைத் தண்டனையுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஒருவன் வேண்டுமென்றே நம் நிலத்திலோ உடலிலோ கைவைத்தால், அவனிடம் இழப்பீடு கோரி உரிமையியல் நீதிமன்றம் செல்லவும் வழியுண்டு. இங்கிலாந்தில் வளர்ந்த இச்சட்டத்தைத் தீங்கியல் சட்டம் என்பர். நம் நீதிமன்றங்களும் இதனைக் கையாள்கின்றன.

1762இல் இங்கிலாந்தில் அரசு ஏவலர்கள் ஜான் என்டிக் என்னும் எழுத்தாளரின் வீட்டை உடைத்துப் புகுந்து, அவருடைய தாள்களை அள்ளிச் சென்றனர். அமைச்சரின் ஆணையைக் காட்டினர். சட்டம் அனுமதிக்காத ஆணை செல்லாது. எனவே இது அத்துமீறலே என்று 1765இல் தீர்ப்பாயிற்று. எளிய எழுத்தாளருக்கு 300 பவுன் இழப்பீடு கிடைத்தது. சேதம் நேராவிடினும் அத்துமீறல் அத்துமீறலே.

உடலுக்கான தீங்குகள் மூன்று. கை ஓங்கி அச்சுறுத்துவது ஒன்று, அடிப்பது மற்றொன்று, முறையின்றி அடைத்துவைப்பது மூன்றாவது. முன்பணம் தீரவில்லையென்று உப்பளத் தொழிலாளியைக் கொட்டகையில் பூட்டினால், ஒரு மணி நேரமேயாயினும் அது முறையற்ற சிறைவைப்பாகும்.

நம் மாவட்டத்துக் கொடியங்குளத்தை மறக்க இயலுமா? 1995 ஆகஸ்ட் 31 அன்று காவல் படையினர் ஒடுக்கப்பட்ட மக்களின் வீடுகளுக்குள் புகுந்து உடைமைகளை நொறுக்கினர். என்டிக் வீட்டில் நேர்ந்தது அங்கே ஓர் ஊருக்கே நேர்ந்தது.

முறையின்றி அடைத்துவைக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர் பீம் சிங்கிற்கு 50,000 ரூபாய் வழங்குமாறு 1985இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அவருக்குள்ள உரிமை உப்பளத் தொழிலாளிக்கும் உண்டு. நம் நிலத்தை அபகரிப்பதை 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. குற்ற வழக்கும் இழப்பீட்டு வழக்கும் தனித்தனியே நடக்கலாம்.

இளைஞர்களே, காலக்கெடுவை மறவாதீர்கள். முறையற்ற சிறைவைப்பிற்கு ஓராண்டு. நில அத்துமீறலுக்கு மூன்றாண்டு. அனுபவத்திலிருந்த நிலத்திலிருந்து தனியார் எவரேனும் வெளியேற்றினால், பட்டா இல்லாவிடினும் ஆறு மாதத்திற்குள் வழக்கிட்டு மீட்கலாம். தீர்வை இரசீதையும் மருத்துவமனைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். எழுதப் படிக்கத் தெரியாத நம் பெரியோருக்காக மனு எழுதும் கை உங்களுடையதாகட்டும். நாம் கற்ற கல்விக்கு அதுவே பயன்.